வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வரிக் கழிவு: மதுரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்தில் ரிட்டன் போடும் மாதங்களில் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கானவை. அந்த வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1-இலிருந்து வரும் வருமானத்துக்குப் புதிய 2025-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன, கழிவு தொடர்கிறது.

மகனுக்கு 27 வயது. மேஜர் ஆகிவிட்டானே, இன்னும் அவனை என்னைச் சார்ந்தவன் என்று காட்டலாமா?

காட்டலாம். மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்கு வருமானத்தில் கழிவு தரும் 80டிடி பிரிவில் வயது வரம்பே கிடையாது. பிள்ளைக்கு 7 வயதா, 27 வயதா, 47 வயதா என்று சட்டம் பார்ப்பதில்லை. பார்ப்பவை மூன்று: குறைந்தது 40 சதவீத மாற்றுத்திறன் சான்று இருக்க வேண்டும், பராமரிப்புக்கு முழுவதுமாகவோ பெரும்பாலுமோ உங்களைத்தான் நம்பியிருக்க வேண்டும், அவர் தன் பெயரில் 80யூ கழிவு (மாற்றுத்திறனாளி தன் சொந்த வருமானத்தில் எடுப்பது) எடுத்திருக்கக் கூடாது. "பதினெட்டு தாண்டிவிட்டதால் கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பல வருடம் விட்டுவிட்டவர்கள் இங்கே நிறைய. கல்யாணமாகித் திரும்பி வந்து உங்களோடு இருக்கும் மகளும் உங்கள் பிள்ளைதான்.

வேறு யார் யாருக்கு இது பொருந்தும்? அண்ணன் மகளை நான்தான் வளர்க்கிறேன்.

கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள். இத்தனை பேர்தான். அண்ணன் மகள், பேரன், மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் பக்கம் எத்தனையோ. அந்தச் சித்தப்பாவுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம். பெற்றோர் காலத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மட்டும் உண்டு, உடன்பிறந்தவர் என்ற முறையில்.

எவ்வளவு கழியும்? ஆன செலவு அளவுக்கா?

செலவின் அளவு எதுவானாலும் கழிவு நிலையான தொகை. 40 முதல் 80 சதவீதத்துக்குக் கீழ் வரை 75,000 ரூபாய். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். மாத்திரைக்கு மட்டும் வருடம் 30,000 செலவழித்தாலும் 75,000 கழியும். பிசியோதெரபி, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் என்று இரண்டரை லட்சம் போனாலும் அதே தொகைதான். ஆனால் சிகிச்சை, செவிலியர் பராமரிப்பு, பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்கு உண்மையிலேயே செலவு செய்திருக்க வேண்டும், அல்லது இத்தகைய பிள்ளைக்கென்று உள்ள எல்ஐசி போன்ற பாலிசிக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிவது. கையில் மிச்சமாவது உங்கள் வரி அடுக்கைப் பொறுத்தது. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 75,000 கழிந்தால் செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 15,600 ரூபாய் மிஞ்சும், 1,25,000 கழிந்தால் 26,000. 30 சதவீத அடுக்கில் 23,400, 39,000. இந்தத் தொகைகள் 2015 பட்ஜெட்டில் வைத்தவை. அதன்பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இந்தப் பத்து வருடத்தில் ஒரு மணி நேரத் தெரபிக்கு வாங்கும் கட்டணம் எப்படி ஏறியிருக்கிறது என்பது பெற்றோருக்குத்தான் தெரியும்.

எந்தச் சான்று வேண்டும்? பழைய அடையாளப் புத்தகம் போதுமா?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பழைய அடையாளப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், சதவீதம் எழுதிய மருத்துவச் சான்றும் யுடிஐடி அட்டையும் (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கிவிடுங்கள். ரிட்டனில் இப்போது யுடிஐடி எண்ணைப் போட இடம் வைத்திருக்கிறார்கள். அட்டைக்கு ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நேரில் போவதென்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பரிசோதனை பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், அல்லது அரசு நடத்தும் மருத்துவ முகாமில்.

அட்டையின் நிறமே விஷயத்தைச் சொல்லிவிடும். வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்குக் கீழ், வரிக் கழிவு இல்லை. மஞ்சள் என்றால் 75,000. நீலம் என்றால் 1,25,000.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பலவகை மாற்றுத்திறன் ஆகிய மூன்றுக்கும் கூடுதலாக ஃபார்ம் 10-ஐஏ தேவை. நரம்பியலில் எம்.டி. படித்த மருத்துவரோ, அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜனோ தலைமை மருத்துவ அதிகாரியோ சான்று தர வேண்டும். அந்தப் படிவத்தை ரிட்டன் போடுவதற்கு முன்பே வருமான வரி இணையதளத்தில் ஏற்றி, வரும் ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றின் தேதியையும் பாருங்கள். "தற்காலிகம், மறுபரிசோதனை தேவை" என்று போட்டிருந்தால், எந்த நிதியாண்டில் அது காலாவதி ஆகிறதோ அந்த ஆண்டு வரைக்கும்தான் கழிவு. அடுத்த ஆண்டுக்குப் புதுச் சான்று கையில் இருக்க வேண்டும். சின்ன வயதில் எடுத்த சான்றைப் பிள்ளை பெரியவனான பிறகும் அப்படியே பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மகளுக்கு அறிவுசார் குறைபாடு. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். ஆனால் சான்றில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே?

டாக்டர் குறைத்துப் போட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள் அக்கா. மத்திய அரசின் வழிகாட்டுதலில், அறிவுசார் குறைபாட்டின் அளவுக்கு நிலையான சதவீதங்கள் வைத்திருக்கிறார்கள்: லேசானது 50, மிதமானது 75, தீவிரமானது 90, மிகத் தீவிரமானது 100. "மிதமானது" என்று வகைப்படுத்தினால் 75-தான் வரும். வரிச் சட்டம் 80-இல் கோடு கிழித்திருப்பதால், அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஐந்து சதவீதத்தில் கீழ்த்தட்டில் நின்றுவிடுகிறார்கள். இரவு பகலாகக் கூடவே ஒரு ஆள் வேண்டியிருக்கும் பிள்ளைக்கு இது நியாயமில்லை என்பது என் கருத்து.

செய்யக்கூடியது ஒன்று. மதிப்பீட்டின்போது பிள்ளை தானாக எதைச் செய்வாள், எதைச் செய்ய மாட்டாள் என்பதைத்தான் கேட்பார்கள். நம் அம்மாக்கள் அந்த இடத்தில் பெருமையாக "எல்லாம் செய்வா சார், தட்டைக்கூட எடுத்து வைப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். பொத்தான் போடத் தெரியுமா, காசு எண்ணத் தெரியுமா, தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய்வரத் தெரியுமா என்று வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளபடி சொல்லுங்கள். வலிப்பு, பார்வைக் குறை, நடையில் சிரமம் என்று வேறு ஏதாவது இருந்தால் அதன் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். இரண்டு குறைபாடு சேர்ந்தால் மொத்தச் சதவீதம் மாறும்.

புதிய வரிமுறையில் இந்தக் கழிவு உண்டா?

இல்லை. 80டிடி-யும் இல்லை, 80யூ-வும் இல்லை. விகிதம் குறைவாகவும் கழிவுகள் குறைவாகவும் உள்ள புதிய முறைதான் 2023-24 முதல் தானாக வரும். பழைய முறை வேண்டுமானால் நாமாகக் கேட்க வேண்டும். நாட்டின் இயல்பான வரிமுறை என்று ஒன்றை வைத்துவிட்டு, அதில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சேமிப்புக்கான சலுகையும் பராமரிப்புச் செலவுக்கான கழிவும் ஒன்றல்ல.

ஆனாலும் கோபம் வேறு, கணக்கு வேறு. கழிவு கிடைக்கிறதே என்று பழைய முறைக்கு ஓடுவதும் தப்பு. 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை, சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் 12.75 லட்சம் வரை, வரியே இல்லை. (பங்கு விற்ற லாபம் போல் தனி விகிதத்தில் வரி போடும் வருமானம் இதில் சேராது.) உங்கள் வருமானம் அதற்குள் இருந்தால் 80டிடி பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அதற்கு மேல் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. உசிலம்பட்டியில் சொந்த வீடு, அதற்குக் கடன். மகளின் தொழிற்பயிற்சிக்காக மதுரையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் நீல அட்டை. வருடச் சம்பளம் 14 லட்சம்.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 13,25,000. வரி செஸ்ஸோடு 81,900.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி-யில் (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்பு) 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, வாடகைப் படியில் விலக்கு 1,20,000. இவ்வளவு போனால் 8,80,000; வரி 92,040. இது வரைக்கும் புதிய முறைதான் லாபம். இதோடு மகளுக்கான 1,25,000-ஐயும் கழித்தால் 7,55,000, வரி 66,040. இப்போது பழைய முறை 15,860 ரூபாய் மிச்சம். மஞ்சள் அட்டையாக இருந்தால் வரி 76,440, அப்போதும் 5,460 மிச்சம்.

அதே ஆசிரியருக்கு வாடகைப் படி இல்லை என்றால் மகளின் 1,25,000-ஐக் கழித்த பிறகும் பழைய முறையில் 91,000 வரும், புதிய முறையே மேல். ஆக, வீட்டுக் கடன், வாடகை, 80சி என்று ஏற்கெனவே கழிவுகள் நிறைய இருப்பவருக்குத்தான் 80டிடி தராசைச் சாய்க்கும். ஒவ்வொரு வருடமும் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள்.

சம்பளக்காரர் ரிட்டன் போடும்போதே முறையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடைசித் தேதிக்குள் போட வேண்டும். தாமதமாகப் போட்டால் பழைய முறை கிடையாது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, கப்பலூரில் பட்டறை என்று வியாபார வருமானம் உள்ளவர்கள் தங்களுக்கான கடைசித் தேதிக்குள், பழைய முறையைக் கேட்கும் ஃபார்ம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். அவர்கள் ஒருமுறை பழையதற்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், வியாபார வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்கு வர முடியாது. அதனால் யோசித்துச் செய்யுங்கள்.

மகன் ஒரு பட்டறையில் மாதம் 4,000 வாங்குகிறான். அவன் பெயரில் டெபாசிட்டும் இருக்கிறது. அப்போது சார்ந்தவன் இல்லை என்று ஆகிவிடுமா?

இவ்வளவுக்கு மேல் சம்பாதித்தால் கிடையாது என்று 80டிடி-யில் எண் எதுவும் இல்லை. "முழுவதுமாகவோ பெரும்பாலுமோ" உங்களைச் சார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதம் 4,000 வாங்குகிறவனுக்குச் சாப்பாடு, இருப்பிடம், மருந்து, துணைக்கு ஆள் எல்லாம் நீங்கள் என்றால், பெரும்பாலும் உங்களைத்தான் சார்ந்திருக்கிறான்.

டெபாசிட் விஷயம் வேறு. மேஜரான பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் அவருக்கு வரிக்கு உட்பட்டதல்ல. அந்த டெபாசிட்டின் வட்டியும் அவர் வருமானம்தான், உங்கள் வருமானத்தோடு சேராது. இதைத் தெரிந்துகொண்டு சிலர் ஓய்வுக்குப் பின் வந்த தொகையில் பெரும்பகுதியை மகன் பெயரில் போட்டுவிடுகிறார்கள். வட்டியே அவன் செலவுக்குப் போதும் என்ற நிலை வந்தால், அவன் பெரும்பாலும் உங்களைச் சார்ந்தவன் என்று சொல்வது கடினம். அப்போது அவன் பெயரிலேயே ரிட்டன் போட்டு 80யூ எடுப்பதுதான் சரி. தொகை அதே 75,000 அல்லது 1,25,000.

நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 25 வயதுக்குப் பிறகும் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க, அவருடைய மற்ற வருமானம் உங்கள் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. வட்டியும் வருமானம்தான். வரியைப் பார்த்து டெபாசிட் போட்டுக் குடும்ப ஓய்வூதியத்துக்கு வினை வைத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் பிள்ளையின் பெயரை இப்போதே பதிந்து வையுங்கள். நீங்கள் உயிரோடிருக்கும்போது நீங்களே செய்வது சுலபம்.

அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வாங்கினால் கழிவு போய்விடுமா?

போகாது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000. அதை வைத்து ஒரு வீட்டில் ஒரு ஆளைப் பராமரிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

80டிடி எடுத்தால் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். இரண்டும் தனித்தனி. ஆனால் 80டி-யும் பழைய முறையில்தான்.

நானும் என் மனைவியும் இருவரும் சம்பாதிக்கிறோம். யார் போடுவது?

யார் உண்மையில் செலவு செய்கிறாரோ அவர். ஒரே பிள்ளைக்கு இருவரும் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். பழைய முறை யாருக்கு லாபமாக இருக்கிறதோ அவர் கணக்கிலிருந்து பிள்ளையின் செலவுகள் போகும்படி ஏப்ரலிலேயே மாற்றிவைத்துக்கொள்வது நல்லது.

எல்ஐசி-யில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான பாலிசி போட்டிருக்கிறேன். பணம் நான் இறந்தால்தான் வரும் என்கிறார்களே?

ஜீவன் ஆதார் மாதிரி பாலிசிகள் அப்படித்தான் இருந்தன, காரணம் சட்டமே அப்படி இருந்தது. பெற்றோர் இறந்த பிறகு பிள்ளைக்குத் தொகை போனால்தான் 80டிடி கழிவு. தகப்பனுக்கு 70, மகனுக்கு 45, பணம் அவசரமாகத் தேவை; ஆனால் எடுக்க முடியாது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2019 ஜனவரியில் நீதிமன்றம் பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. 2022 பட்ஜெட்டில் மாற்றினார்கள். இப்போது பாலிசி எடுத்தவருக்கு 60 வயது ஆகி, பிரீமியம் கட்டுவதும் நின்ற பிறகு, அவர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு ஆண்டுத்தொகையாகவோ மொத்தமாகவோ வரலாம். பாலிசியின் நிபந்தனையிலும் அதற்கு இடம் இருக்க வேண்டும். கிளையில் பாலிசி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

மூத்த மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இங்கே எங்களோடு இருக்கும் தங்கையை அங்கே சார்ந்தவளாகக் காட்டலாமா? பணம் அவன்தான் அனுப்புகிறான்.

முடியாது. அமெரிக்க வரிச் சட்டத்தில் சார்ந்தவர் அந்த நாட்டுக் குடிமகனாகவோ, அங்கே வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளராகவோ, அல்லது கனடா, மெக்சிகோவில் குடியிருப்பவராகவோ இருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் தங்கை இதில் வரமாட்டாள். அங்கேயே மாற்றுத்திறனாளிப் பிள்ளையோடு வாழும் நம்மவர்களுக்கு அந்தச் சட்டத்திலும் ஒரு வழி உண்டு: நிரந்தர, முழுமையான இயலாமை என்றால் வயது வரம்பு இல்லை, ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 80டிடி உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டும்தான். அதனால் உங்கள் மகனுக்கு இங்கேயும் கிடையாது. மகள் உங்கள் பராமரிப்பில் இருந்து, அவளுக்கான செலவை நீங்கள் செய்தால், உங்களுக்கு உண்டு.

மகனுக்குக் கையெழுத்துப் போட வராது. பான் கார்டு, ரிட்டன் எல்லாம் எப்படி?

பான் விண்ணப்பத்தில் பிரதிநிதியின் விவரம் எழுத இடம் இருக்கிறது, பாதுகாவலர் கையெழுத்திடலாம். ஆனால் 18 வயதுக்குப் பிறகு, பெற்றோர் என்பதால் மட்டும் நீங்கள் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகை மாற்றுத்திறன் ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்று தரும். கலெக்டர் ஆபீஸிலுள்ள அதே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். வங்கிக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் இந்தக் காகிதம் பெரிய பலம்.

ரிட்டனில் எங்கே போடுவது? நோட்டீஸ் வந்தால் என்ன காட்டுவது?

80டிடி-க்கென்று தனி அட்டவணை இருக்கிறது. பிள்ளை என்ன உறவு, எந்த வகைக் குறைபாடு, அவருடைய ஆதார், பான், யுடிஐடி எண், 10-ஐஏ போட்டிருந்தால் அதன் தேதியும் ஒப்புகை எண்ணும் கேட்கும். ஆபீஸில் கழிவு விவரம் கொடுக்கும் 12பிபி படிவத்தில் காட்டத் தவறியிருந்தாலும் ரிட்டனில் நேரடியாகக் கேட்டு, பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். ரிட்டனிலேயே விட்டுப்போயிருந்தால், கெடுவுக்குள் திருத்திய ரிட்டன் போடலாம்.

சான்றை ரிட்டனோடு இணைக்க வேண்டியதில்லை, கைவசம் இருக்க வேண்டும். பீபிகுளம் வருமான வரி ஆபீஸுக்கு நேரில் போக வேண்டியிருக்குமோ என்று பயப்படாதீர்கள். நோட்டீஸ்கள் பெரும்பாலும் இணையதளத்திலேயே வந்து அங்கேயே பதில் போகின்றன. சதவீதச் சான்று, யுடிஐடி, அந்த வருடத்தில் சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ கட்டிய சில ரசீதுகள், பணம் போன வங்கிக் கணக்கின் பக்கம், இவை போதும். பார்த்துக்கொள்ள வரும் அம்மாவுக்குக் கையில் காசாகக் கொடுக்கிறீர்கள் என்றால், மாதா மாதம் ஒரு நோட்டில் தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். முடிந்தால் அவர் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்.